மாமா பேட்டரி மாற்றிய கேசட்

என் அக்கா வீட்டுக்காரருக்குத் தேதி பார்க்காமல் எதையும் தொட வராது. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் அதன் முதுகைத் திருப்பிப் பார்ப்பார். மாத்திரை அட்டை, பால் பாக்கெட், கேஸ் டியூப் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்றே அம்மா நீட்டிய பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு, "பாக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். ஜாக்கிரதையான பையன் என்று அம்மா சந்தோஷப்பட்டார். "நான் இவரு சரியான கிறுக்குன்னு நெனச்சேன்" என்று அக்கா இன்றைக்கும் சொல்வாள்.

அவர் பார்க்கும் தொழில் அப்படி. அலுவலகங்களிலும் கிடங்குகளிலும் சுவரில் சிவப்பாகத் தொங்குமே, தீயணைக்கும் சிலிண்டர், அதை வருஷத்துக்கு ஒரு முறை இறக்கி எடை போட்டு, முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் உள்ளே இருக்கும் பொடியை மாற்றி, கழுத்தில் ஓர் அட்டை கட்டிவிட்டு வருவார். அட்டையில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று பார்த்த தேதி, மற்றது அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி. வாசலில் நிற்கும் காவலாளிகள் இவர் தலையைக் கண்டதும் "தேதி வந்துட்டாருப்பா" என்பார்கள். அதுவே பட்டப்பெயராக நிலைத்துவிட்டது. எனக்கு மட்டும் அவர் மாமா.

அவர் அட்டை கட்டிய சிலிண்டர் எதையும் இதுவரை யாரும் தீயில் பயன்படுத்த நேர்ந்ததில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை.

"அப்போ உங்க சிலிண்டர் வேலை செய்யுமான்னு எப்படித்தான் தெரியும் மாமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அதுக்கு வேலை வராம இருக்கிறதுதாம்மா நல்லது" என்றார். இந்த ஒரு பதிலில் மாமா முழுசாக அடங்கிவிடுவார்.

அவர் கையில் வீடியோ கேம் வந்து சேர்ந்தது தற்செயல். ஏதோ ஒரு கம்பெனி இடம் மாறிப் போனபோது, சிலிண்டர்களைக் கழற்றப் போயிருக்கிறார். குப்பைக்குப் போகவிருந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பழுப்பேறிய ஒரு கேம் பெட்டியும் இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் சிக்குப் பிடித்த ஒயர்களும் கிடந்தன. பள்ளிக்கூடம் போகிற வயதில் கடைக் கண்ணாடி வழியாக அவர் பார்த்த அதே பெட்டி. அன்றைக்கு அதை வாங்கித் தர வீட்டில் வசதியில்லை. கேட்டதும் மேனேஜர், "தாராளமா எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு வண்டிச் செலவு மிச்சம்" என்றாராம்.

வீட்டுக்கு வந்ததும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அதன் இண்டு இடுக்கெல்லாம் சுத்தம் செய்தார். புது டிவியில் அது ஓடவில்லை. மாடிப்படிக்குக் கீழே யாரோ போட்டுவிட்டுப் போயிருந்த டப்பா டிவியை, கீழ்வீட்டுக்காரர் ஒரு பக்கம் பிடிக்க, இவர் ஒரு பக்கம் பிடிக்க, மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள். அதில் ஓடியது. அன்றோடு அக்கா வீட்டு நடு அறையின் ஒரு மூலை போயிற்று.

அதற்கப்புறம் கேசட் சேர்க்கும் பைத்தியம் பிடித்தது. இந்தப் பெட்டியில் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு கேசட்டில் இருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கட்டி. அதைப் பெட்டியின் தலையில் செருகி அழுத்த வேண்டும். பழைய சாமான் கடை, நடைபாதை, வீடு காலி செய்கிறவர்கள் என்று எங்கே போனாலும் மாமாவின் கண் இதைத்தான் தேடும். வாங்கி வந்ததும் பிரித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக்குச்சியால் உள்ளே துடைப்பார். கேசட் ஓடாவிட்டால் வாயால் ஊதுவதுதான் உலக வழக்கம். அவர் முன்னால் யாராவது ஊதிவிட்டால் பதறிப்போவார். "வாய்க்காத்துல ஈரம் இருக்கு, உள்ள இருக்கிற பித்தளை கறுத்துடும்" என்பார். துடைத்து முடித்ததும் சின்னதாக ஓர் அட்டையை நூலில் கட்டுவார். பார்த்த தேதி, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி.

ஆடுவாரா என்றால், ஆட மாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் முறை வைத்து ஒரு கேசட்டை எடுப்பார். செருகுவார். முதல் கட்டம் வரை ஓட்டிப் பார்ப்பார். படம் தெளிவாக வருகிறதா, சத்தம் கரகரக்காமல் இருக்கிறதா, பட்டன்கள் சொன்னபடி கேட்கின்றனவா என்று பார்த்துவிட்டு அணைத்து, துணியால் துடைத்து, அலமாரியில் வைத்துவிடுவார்.

"இது விளையாட்டா, ஆஸ்பத்திரி செக்கப்பா?" என்பாள் அக்கா. யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த அலமாரியைக் காட்டி, "நாய் பெற்ற தெங்கம்பழம், தானும் தின்னாது, பிறருக்கும் விடாதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, பாத்திருக்க மாட்டீங்க. இதோ பாருங்க" என்பாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் சிரித்துக்கொண்டே போய், அவர்கள் கை படுவதற்கு முன் அலமாரிக் கதவைச் சாத்திவிடுவார்.

அக்கா ஒரு மருந்துக்கடையில் கேஷியராக இருந்தாள். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்தக்கொதிப்பு, யார் யாரிடம் சொல்லாமல் தூக்க மாத்திரை வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. முதலாளி திடீரென்று கடையை மூடிவிட்டார். அதே சமயத்தில் மகனும் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். இரண்டு மூன்று இடத்தில் வேலை கேட்டுப் பார்த்தாள். வயதைக் கேட்டுவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். "சமையல் முடிஞ்சு, துணி காயப்போட்டு, வீடு பெருக்கி நிமிர்ந்தா பொழுது அப்படியே நிக்குதுடி" என்று என்னிடம் சொன்னாள். நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் வரவேற்பில் உட்காரும் வேலை எனக்கு. அவள் சொன்னதற்கு, "நல்லா தூங்கேன், உனக்கென்ன" என்றேன். வேலைக்குப் போகிறவளுக்கு வேறென்ன தோன்றும்.

ஒரு மத்தியானம் அவளிடம் குடை வாங்கிப்போக வந்தேன். கதவு தாழ் போடாமல் சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனால், அக்கா டப்பா டிவிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஜாய்ஸ்டிக். நாக்கு நுனி உதட்டோரம் துருத்திக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு குட்டிப் படகு புயலில் சுழல்கிறது.

"அக்கா, என்ன பண்ற?"

"கதவைச் சாத்துடி மொதல்ல."

சாத்தினேன். "நீயா ஆடுற?"

"பேசாத. பாறை வருது."

பாறையைத் தாண்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "உங்க மாமாகிட்ட மூச்சு விட்டே, அதோட நீ எனக்குத் தங்கச்சியே இல்ல" என்றாள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் குடையைக் கொடுத்தாள்.

அலமாரியைத் துடைக்கும்போது ஒரு நாள், அப்படி என்னதான் இருக்கிறது என்று போட்டுப் பார்த்தாளாம். அதுதான் ஆரம்பம். பல கேசட்டுகள் பிடிக்கவில்லை. இந்தக் கடல் ஆட்டம் பிடித்துவிட்டது. ஒரு சின்னப் படகோடு கிளம்பி, தீவு தீவாகப் போய் ஆள் சேர்த்து, சரக்கு வாங்கி விற்று, புயலுக்கும் கொள்ளைக்காரர்களுக்கும் தப்பி, கடைசித் தீவைப் போய்ச் சேர வேண்டும். ஒரே நாளில் முடிகிற ஆட்டம் இல்லை. அதனால் விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள கேசட்டுக்குள்ளேயே வாட்ச் பேட்டரி மாதிரி ஒன்று இருக்கும். அது இருக்கிறவரை நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடரலாம். அதைக் கழற்றினால் எல்லாம் மறந்துபோகும்.

ஆட்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். நாலே நாலு ஆங்கில எழுத்துதான் கொள்ளும். அக்கா எங்கள் குடும்பத்தையே வெட்டிச் சுருக்கிப் படகில் ஏற்றியிருந்தாள். சமையல்காரருக்கு அம்மாவின் பெயர். பாய்மரம் ஏறுகிற பையனுக்கு அவள் மகன் பெயர். கொள்ளைக்காரர்களைக் கண்டதும் பீப்பாய்க்குள் ஒளிந்துகொள்ளும் மாலுமிக்கு என் பெயர். எனக்கு அதில் வருத்தம்தான். சொன்னால் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அதனால் பீப்பாய்க்குள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

நாலு மணி ஆனதும் அணைத்துவிடுவாள். டிவியின் முதுகு சுடும் என்பதால் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைப்பாள். கேசட்டைத் துடைத்து, அட்டையின் எழுத்து எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமாகவே திரும்ப வைப்பாள். இத்தனை தேதி பார்க்கிற மனிதருக்குத் தன் வீட்டில் தினமும் ஒரு படகு ஓடுவது தெரியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. அக்கா கடைசித் தீவுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை நானும் அக்காவும் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தோம். மாமா வீட்டில் தனியாக இருந்தார். திங்கட்கிழமை மத்தியானம் எனக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது.

"எல்லாம் போச்சுடி."

"ஐயோ, யாரு போயிட்டா?"

"படகு."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். திரையில், விட்ட ஆட்டங்களைக் காட்டும் மூன்று இடங்களும் காலியாக இருந்தன. கேசட்டின் அட்டையில் மாமாவின் குண்டுக் கையெழுத்தில், 'பேட்டரி புதுசு' என்றும், அடுத்து மாற்ற வேண்டிய தேதியும் இருந்தது. அந்தத் தேதியில் நாங்கள் எல்லோரும் இருப்போமோ என்னவோ, பேட்டரி இருக்கும்.

நடந்தது இதுதான். அந்தக் கேசட்டின் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று மாமா கணக்குப் போட்டிருக்கிறார். பழசு ஒழுகினால் உள்ளே இருக்கும் தகடு அரித்துப்போகும். அதனால் தொழில் சுத்தமாகப் பழசைப் பிரித்தெடுத்து, புதுசைப் பற்றவைத்து, மூடி, துடைத்து வைத்துவிட்டார். பொருளைச் சட்டை செய்யாத ஆள் யாராவது வாங்கியிருந்தால் அக்காவின் படகு இன்னும் பல காலம் ஓடியிருக்கும்.

அக்கா அழுதாள். கடை மூடிய அன்றுகூட அவள் அழவில்லை. "இந்த வீட்ல எனக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான்டி" என்றாள். ஒரு விளையாட்டுக்கா இப்படி என்று நினைத்துக்கொண்டே வந்த நான், அதைக் கேட்டதும் போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

"மாமாகிட்ட சொல்லிடேன்."

"என்னன்னு சொல்றது? வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் அவரைக் கேலி பண்ணிட்டு, இப்போ நானும் அதைத்தான் ஆடிட்டிருந்தேன்னா?"

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். வலிக்கிறது, வாய்விட்டுக் கத்த முடியவில்லை.

ஆனால் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போய்த்தானே ஆகும். அக்கா மாமாவிடம் பேச்சைக் குறைத்துவிட்டாள். "சாப்பாடு இருக்கு." "கதவு தொறந்திருக்கு." "போன் அடிக்குது." இவ்வளவுதான். அலமாரியைப் பற்றிய கேலியும் நின்றுவிட்டது. மாமாவை அதிகமாகப் பயமுறுத்தியது அதுதான்.

ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. என்ன என்று தெரியாததால், தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார். ஃபேனுக்குக் கண்டன்சர் மாற்றினார். பல்பு மாற்றினார். கேஸ் டியூபைத் தேதிக்கு முன்னாலேயே மாற்றினார். மாமாவின் வாழ்க்கையில் இது பெரிய சறுக்கல். அக்காவின் செருப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, புதுச் செருப்பு வாங்கிவந்து வாசலில் வைத்தார். எல்லாவற்றுக்கும் அக்காவிடமிருந்து ஒரு "ம்" கிடைத்தது. வீட்டில் மாற்றுவதற்கு இனி அக்காவும் மாமாவும்தான் பாக்கி.

ஒரு நாள் நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்துவிட்டார். கால் உடைந்தவர்களுக்கும் நெஞ்சுச் சளிக்காரர்களுக்கும் நடுவே தன் முறை வருகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து, பிறகு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்?"

"அதை அக்காகிட்ட கேளுங்க மாமா."

"கேட்டேன். ஒண்ணுமில்லேங்கறா. ஒண்ணுமில்லேன்னா ஏதோ பெருசா இருக்குன்னு அர்த்தம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சத்தியம் பண்ணித் தொலைத்திருக்கிறேனே. இருதலைக் கொள்ளி எறும்பாக நெளிந்தேன்.

"நானே யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றார் மாமா. "அந்த அலமாரியைப் பாத்தாலே அவ மொகம் மாறிடுது. அந்த மூலையைப் பாக்கவே மாட்டேங்கறா. இத்தனை வருஷமா விளையாட்டா சொல்லிட்டிருந்தா, நான் காதுல போட்டுக்கல. இப்போ மனசு விட்டுப்போச்சு போல. எல்லாத்தையும் வித்துடலாம்னு இருக்கேன்."

"அவசரப்படாதீங்க மாமா."

"அவசரம் இல்லம்மா. ஆள்கிட்ட பேசியாச்சு. பெட்டி, டிவி, கேசட் எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கறேன்னாரு. ஞாயித்துக்கிழமை வர்றாரு." என் மேஜை மேல் கிடந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார். "எனக்கு அவதான் வேணும், இதெல்லாம் என்ன" என்றார். பின்னால் நின்ற நோயாளி இருமியதும் நகர்ந்துகொண்டார்.

அன்று சாயங்காலமே அக்காவிடம் ஓடினேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஆள் வர்றாங்க. மொத்தத்தையும் தூக்கிட்டுப் போகப் போறாங்க."

"தூக்கிட்டுப் போகட்டும்."

"பெட்டியே போயிடும்க்கா. மறுபடி ஆடணும்னாலும் முடியாது."

"அவரு பொருள், அவரு விக்கிறாரு. எனக்கென்ன." அப்படிச் சொன்னாளே தவிர, துலக்கிய தட்டையே மறுபடி மறுபடி துலக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு பேரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிடலாம் போலிருந்தது. அவளுக்காக அவர் தான் ஆசைப்பட்ட பொருளை விற்கிறார். அவள் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு, ஆசைப்பட்ட பொருளை விடுகிறாள். இதில் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை வேறு.

ஞாயிற்றுக்கிழமை யாரும் கூப்பிடாமலே போய் உட்கார்ந்தேன். வாங்க வந்தவர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். பழைய கேம் பெட்டிகளை வாங்கி விற்பதுதான் தொழிலாம். கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் புருவம் ஏறியது.

"இவ்வளவு சுத்தமா வெச்சு நான் எங்கயும் பாத்ததில்லீங்க. ஒரு கீறல் இல்ல. ஆடவே மாட்டீங்களா?"

"ஓட்டிப் பாப்பேன்" என்றார் மாமா. குரலில் உற்சாகமே இல்லை. அலமாரியில் காலியாகிக்கொண்டிருந்த தட்டுகளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

வந்தவர் சிலவற்றைச் செருகிப் பார்த்தார். அந்த வரிசையில் கடல் ஆட்டமும் வந்தது. திரையில் காலியாக மூன்று இடங்கள்.

"இதுல சேவ் ஆகுமா?"

"ஆகும். இப்பதான் பேட்டரி மாத்தினேன்."

"ஓ. பழசுல ஏதாவது இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவங்க ஆடினது."

சமையலறையிலிருந்து டீத் தட்டோடு வந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"முன்னாடி வெச்சிருந்தவங்களோடது இல்ல" என்றாள்.

மாமா திரும்பினார். "பின்ன யாரோடது?"

"என்னோடது."

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வந்தவர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த கேசட் அட்டையைப் படிக்கத் தொடங்கினார்.

"நீயா ஆடின?"

"ஏன், நான் ஆடக் கூடாதா?" அக்கா தட்டை ஸ்டூலில் வைத்தாள். "மத்தியானம் மத்தியானம் ஆடினேன். ஒரு வருஷத்துக்கு மேல. அம்புட்டையும் நீங்க ஒரே நாள்ல துடைச்சு வெச்சுட்டீங்க."

மாமா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவாரா, சிரிப்பாரா என்று நான் காத்திருந்தேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"அவ்வளவு தூரம் போனது நீயா?" என்றார். "அழிக்கிறதுக்கு முன்னாடி நான் அதை ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தேன். ஒரு ஆளைக்கூடச் சாக விடல. படகுல ஓட்டை இல்ல, கிழிசல் இல்ல. யாரோ பெரிய ஆட்டக்காரங்கன்னு நெனச்சேன். அழிக்கவே மனசு வரல."

"படகுல இருந்த கழுதைக்கு என்ன பேர் இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"மூட்டை தூக்குமே, அதுவா? பாத்தேன். என் பேர்ல பாதி இருந்துச்சு. நம்ம பேருக்காரன் ஒருத்தன்தான் ஆடியிருக்கான் போலன்னு சந்தோஷமா இருந்துச்சு."

இதற்குள் ஸ்டூலிலிருந்து எடுத்துக்கொண்ட டீ வந்தவருக்குப் புரையேறியது. எனக்கும் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அக்காவின் முகத்தில்கூட ஏதோ ஒன்று தளர்ந்தது. ஆனால் மாமா சிரிக்கவில்லை. அவர் இன்னும் அந்தத் திரையிலேயே இருந்தார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல" என்றார். "கடைசித் தீவு பக்கத்துலயே இருந்துச்சு. தண்ணி, சாப்பாடு, ஆள் எல்லாம் தயார். ஒரு மணி நேரம் ஆடினா முடிஞ்சிருக்கும். ஏன் போகாம நிறுத்தி வெச்சிருந்தே?"

அக்கா கலங்கியிருந்த கண்ணோரத்தைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"போயிட்டா முடிஞ்சுடும்ல. முடிஞ்சுட்டா மறுநாள் மத்தியானம் நான் என்ன பண்றது?"

இந்த விஷயத்தில் எல்லாமே எனக்குத் தெரியும் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இது தெரியாது. கூடப்பிறந்தவள், இரண்டு தெரு தள்ளி இருப்பவள், அவளைப் போய்த் தூங்கச் சொல்லியிருக்கிறேன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் மாமா.

"எப்போ சொல்றது? நீங்க வந்தா அதை எடுத்துத் துடைப்பீங்க. நான் பாத்துக் கேலி பண்ணுவேன். அது போக நாம வேற என்ன பேசிக்கிட்டோம்?"

மாமா எழுந்து, வாங்க வந்தவர் பக்கத்தில் போய், "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"புரியுதுங்க" என்று அந்த மனிதர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். டீயை முழுசாகக் குடித்து முடித்து, தம்ளரைத் தட்டில் வைத்துவிட்டுத்தான் போனார். கதவு வரை போய்த் திரும்பி, "அந்த ஆட்டத்தை நானும் பாதியில விட்டவன்தான்" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மாமா ஜாய்ஸ்டிக்கை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இப்பவா? அடுப்புல வேலை கிடக்கு."

"கிடக்கட்டும்."

"இருந்ததெல்லாம் போயிடுச்சு. மறுபடி மொதல்லேருந்து வரணும்."

"வா. நான் பாக்கறேன்."

நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்து புது ஆட்டம் ஆரம்பித்திருந்தாள். மாமா அவளுக்குப் பின்னால் நாற்காலி நுனியில் இருந்தார். குட்டிப் படகு துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது.

"இப்போ எங்க போறோம்?" என்று கேட்டார்.

"போறோமா? நான் போறேன். நீங்க பாருங்க."

பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, எதையோ கணக்குப் போட்டு முடித்தவர் மாதிரி, "நாளைக்கு எனக்கு இந்தப் பக்கம்தான் வேலை. மத்தியானம் சாப்பிட வீட்டுக்கே வந்துடலாம்" என்றார்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வர்றதுன்னா தினமும் வாங்க" என்றாள். "ஒரு நாள் வந்துட்டு மறுநாள் வராம இருக்காதீங்க."

"வர்றேன்" என்றார் மாமா. நாற்காலியிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.